பார்த்தால் அணையாத ஓவன்

அக்கா போன் பண்ணியபோது தம்பிக்காரன் அலுவலகத்தில் ஒரு நீலப் பொத்தானை இன்னும் கொஞ்சம் நீலமாக்கிக்கொண்டிருந்தான். அதுதான் அவனுக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை.

"தம்பி, மறுபடியும் அணைஞ்சிடுச்சுடா."

"எப்போ?"

"இப்பத்தான். ஒரு வண்டி நிறைய பிரெட்டு. வெளியில பாத்தா வெந்த மாதிரி இருக்கு, உள்ள விரலை விட்டா பசை மாதிரி ஒட்டுது. உங்க மாமா ஒண்ணுமே பேசல."

"பேசலைன்னா நல்லதுதானேக்கா."

"கல்யாணம் ஆனதுல இருந்து அவர் பேசாம இருந்து நான் பாத்ததில்ல."

அக்கா வீட்டுக்காரர் பேக்கரி வைத்திருந்தார். முன்பக்கம் கடை, அங்கே அக்கா. பின்பக்கம் மாவு மிஷின், மூட்டைகள், ஓவன். அங்கே மாமாவும் மாஸ்டரும் இன்னும் சில ஆட்களும். ஓவன் என்றால் வீட்டு அடுப்படியில் இருக்கிற டப்பா இல்லை. தட்டுகளை அடுக்கிய சக்கர வண்டியை அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம், அவ்வளவு பெரியது. எவ்வளவு சூடு, எப்போது நீராவி, எப்போது நிறுத்துவது என்றெல்லாம் பார்த்துக்கொள்வது பக்கத்துச் சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் தம்பிக்காரன் எழுதியது. யாரும் கேட்காமல், ஆசைப்பட்டு எழுதியது. அவன் எழுதியதிலேயே வாசனை வருகிற புரோகிராம் அது ஒன்றுதான்.

கொஞ்ச காலமாக அந்த ஓவன் தானாக அணைய ஆரம்பித்திருந்தது. தினமும் இல்லை. தினமும் அணைந்தால் புண்ணியமாகப் போயிருக்கும், பிடித்துவிடலாம். பல நாள் ஒழுங்காக இருக்கும், திடீரென்று ஒரு மத்தியானம் பாதி வேக்காட்டில் கண்ணை மூடிக்கொள்ளும். பெட்டியின் திரையில் 'பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். சூடு மீறினாலும் அதே வரி, விசிறி நின்றாலும் அதே வரி, கதவு சரியாக மூடாவிட்டாலும் அதே வரி. எல்லா ஆபத்தையும் ஒரே வரியில் அடக்கிவிட்டோம் என்று எழுதிய அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். இப்போது அதே கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

ஒவ்வொரு முறையும் போய் எதையாவது மாற்றுவான். ஒரு தடவை ஒயர். ஒரு தடவை சூடு பார்க்கிற சென்சார். ஒரு தடவை புரோகிராமில் மூஞ்சி சரியில்லாத நாலு வரி. மாற்றிவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்பான். பேக்கரியில் அவனுக்கு அதுவே பேராகிவிட்டது. "மாஸ்டர், சரிபண்ணிட்டேன் வந்திருக்காரு, ஒரு டீ சொல்லுங்க" என்று ஆட்கள் அவன் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

போன் கை மாறியது.

"மாப்ள, வேலையா இருக்கியா?" மாமாதான்.

"இல்ல மாமா, சும்மாதான்."

"சும்மா இருக்கறதுக்கு நல்லாத்தான் சம்பளம் தர்றாங்க. சரி, கேளு. சனிக்கிழமை ஒரு கம்பெனி ஆள் வந்து அவங்க பெட்டியைக் காட்டுறேன்னு சொல்லியிருக்காரு. சும்மா பாத்து வைப்போம்னுதான் வரச் சொன்னேன். ஆனா அதுக்குள்ள இன்னொரு தடவை இது அணைஞ்சுதுன்னா, காட்டவெல்லாம் வேண்டாம், மாட்டிட்டே போங்கன்னு சொல்லிடுவேன். உன் மேல கோபமெல்லாம் இல்ல. எப்பவும் போல வீட்டுக்கு வா, சாப்பிடு, பிள்ளைங்களோட விளையாடு. ஓவனை மட்டும் விட்டுடு."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். 'சாப்பிடு' என்றதுதான் குத்தியது.

ஆக, விஷயம் இவ்வளவுதான்: இன்னொரு முறை அணைவதற்குள் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஒற்றை வரியை உடைத்து, காரணத்தைத் தனித்தனியாகச் சொல்லும்படி மாற்றிவிட்டு, அடுத்து அணையும்வரை காத்திருப்பதுதான் எந்தப் புரோகிராமரும் செய்வது. ஆனால் அடுத்தது என்று ஒன்று கிடையாது. அணையாதபோதே, ஏன் அணைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல டீபக்கர் வேண்டும்.

டீபக்கர் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை வழியில் மறித்து, "அப்படியே நில்லு, பையில என்ன வச்சிருக்க, எடுத்துக் காட்டு" என்று கேட்கிற கருவி. ஊரெல்லாம் எழுதுகிற மொழிகளுக்கு டீபக்கர் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்துக் கிடக்கும். தம்பிக்காரன் எழுதியிருந்த மொழி அந்த ஜாதி இல்லை. அதில் எழுதுகிறவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், ஜன்னல் சீட்டுக்குச் சண்டைகூட வராது. ஏன் அதைப் பிடித்தாய் என்று யாராவது கேட்டால், வேகம், பாதுகாப்பு என்று ஏதேதோ அளப்பான். உண்மையில் அது பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனவன் ஜன்னலைப் பார்த்து மயங்கி, குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்க மறந்த கதை.

அந்த மொழிக்குத் தேடிப் பார்த்ததில் மூன்று டீபக்கர்கள் அகப்பட்டன. முதலாவதை எழுதியவர் பாதியில் விட்டுவிட்டு வேறு வாழ்க்கைக்குப் போயிருந்தார். திறந்தால் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு மூடிக்கொண்டது.

இரண்டாவது அவனுக்குப் பழக்கமானது. வண்ண வண்ணமாக இருக்கும், ஒவ்வொரு எண்ணும் தனிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். போன தடவை இதைப் பெட்டியோடு கோத்துப் பார்த்தபோது 'ஓவன் சூடு: பூஜ்யம்' என்றது. ஓவன் எதிரில் நின்று வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தவன் தன் தோலை நம்பவில்லை, திரையை நம்பினான். சென்சாரை மாற்றியதே இதன் பேச்சைக் கேட்டுத்தான். இந்த முறை ஒரு புத்தி வந்தது. சாட்சியையே முதலில் விசாரித்துப் பார்ப்போம். ஒரு டப்பாவில் ஐந்து என்ற எண்ணைப் போட்டு, டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கும் குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதினான். விடை தெரிந்த கேள்வி.

'பூஜ்யம்' என்றது டீபக்கர். பச்சை நிறத்தில், அழகான எழுத்தில், துளித் தயக்கம் இல்லாமல்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. தெரியாத இடத்திலும் நல்ல குரலில் பதில் சொல்வது தனக்கும் கைவந்த கலைதானே.

மூன்றாவது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அலங்காரம் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு 'ஐந்து' என்றது. அவன் விடவில்லை, எதிர்மறை எண், பின்ன எண், காலி டப்பா என்று எதையெல்லாமோ கேட்டான். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னது. காலி டப்பாவுக்கு 'ஒன்றும் இல்லை' என்று சொன்னது. அந்த 'ஒன்றும் இல்லை'யை அவன் இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தான். கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது, 'முதலில் இதைப் படிக்கவும்' என்று. அப்படிப் போட்டிருக்கிற எதையும் அவன் தன் வாழ்க்கையில் முதலில் படித்ததில்லை.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனான். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து, சுவர்ப் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒரு ஒயரை இழுத்தான். மாமா வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"இதுல என்ன தெரியுது?"

"இப்ப சூடு எவ்வளவு, அடுத்து என்ன செய்யப் போகுது, எல்லாம் தெரியும் மாமா. வேணும்னா நடுவுல நிறுத்திக்கூடப் பாக்கலாம்."

"அதான் அதுவே நின்னுடுதே. அதுக்கு நீ வேற எதுக்கு?"

மாஸ்டர் மாவு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அன்றைக்கு முழுக்க ஓவன் அணையவில்லை. பிரெட் ஒவ்வொன்றும் விளம்பரத்தில் வருகிற மாதிரி வந்தது. மறுநாளும் அப்படித்தான். மாமா அவன் பின்னாலேயே நின்று எண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டு இங்கயே வந்துடுங்க" என்றார் மாஸ்டர். "மாவுக்கு ஈஸ்ட் மாதிரி ஓவனுக்கு நீங்க. நீங்க உக்காந்தா நல்லா வேகுது."

"சம்பளம் பிரெட்டாத்தான் குடுப்பேன்" என்றார் மாமா. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இந்தக் கம்ப்யூட்டரை இப்படியே மாட்டி விட்டுட்டுப் போயேன் மாப்ள. பாத்துட்டே இருந்தா அணைய மாட்டேங்குதுல்ல?" என்றார்.

தம்பிக்காரனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக நீலப் பொத்தானுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அவனுக்குத் தெரியும், அது சரியானது இல்லை, அடக்கி வைத்தது. யாராவது ஒயரில் தடுக்கி விழும் நாள்வரை அடங்கியிருக்கும்.

வீட்டுக்குப் போய், அந்த மூன்றாவது டீபக்கரை எழுதியவரின் இணையப் பக்கத்தைத் தேடினான். கீழே ஒரு போன் எண் இருந்தது. இந்தக் காலத்தில் யார் எண்ணைப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மறுநாள் மத்தியான இடைவேளையில் கூப்பிட்டான். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் போடும் கூச்சல் கேட்டது. ஸ்கூலில் கணக்கு டீச்சராம். டீபக்கர் எழுதுவது லீவு நாளில்.

"நீங்க நெஜமாவே அதைப் பயன்படுத்துறீங்களா?" என்றாள். "என்னைத் தவிர ஒரு ஆள் இருக்கீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவன் ஓவன் கதையைச் சொன்னான். "உங்க டீபக்கரைப் போட்டா தப்பு வர மாட்டேங்குதுங்க. போடாத நாள்லதான் வருது. அதான், உங்க டீபக்கர்லயே ஏதாவது..."

"இருக்கே. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேனே. படிச்சீங்களா?"

பதில் சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"பரவாயில்ல, யாரும் படிக்கிறதில்ல. நான் எழுதினதுல எனக்குப் பிடிச்ச பக்கமே அதான். சரி, வாயாலயே சொல்றேன். எண்ணு கேட்டா என் டீபக்கர் சரியாச் சொல்லும். எது முன்னாடி நடந்துச்சு, எது பின்னாடின்னு சரியாச் சொல்லும். நேரம் மட்டும் அதுக்குத் தெரியாது. நிறுத்தி நிறுத்திப் பாக்குதில்லையா, எல்லாமே மெதுவாயிடும். ஒண்ணு நடந்த கையோட இன்னொண்ணு பட்டுன்னு நடந்தாத்தான் வர்ற தப்புன்னு வைங்க, அது என் கண்ணுல படாது. ஏய், மேசையில இருந்து இறங்கு. உங்களை இல்லைங்க."

"அப்ப நான் வேற டீபக்கர் தேடணுமா?"

"எதுக்கு? எனக்குக் கண்ணு தெரியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். என் முன்னாடி வரலைன்னா அந்த இடத்துலதான் இருக்கணும். தேடுற இடம் குறைஞ்சுதா, இல்லையா?"

போனை வைத்த பிறகு அவன் அந்த முதல் பக்கத்தைப் படித்தான். 'எங்கே என்னை நம்பக்கூடாது' என்று தலைப்பு. கீழே, பொறுமையாக, நேர விஷயத்தில் தன் கருவி ஏமாற்றக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் அவள் எழுதி வைத்திருந்தாள். வேலை கேட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தன் குறைகளைச் சொல்வது போல இருந்தது. அப்படி ஒரு ஆள் வந்தால் எந்த ஆபீசும் எடுக்காது. ஆனால் நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

புரோகிராமைத் திறந்து, நேரத்தைக் கேட்கிற இடங்களை மட்டும் பார்த்தான். நீராவிக்கு ஒன்று, அதில் வில்லங்கம் இல்லை. இன்னொன்று கதவுக்கு. வேகும்போது கதவைத் திறந்தால் சூடு நிற்கும், மூடினால் தொடரும். ஆனால் மூடின உடனே, மூச்சு விடுவதற்குள், மறுபடி திறந்துகொண்டால்? தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று அர்த்தம், அணைத்துவிடு. சுத்தமான விதி. எந்த மனுஷனாவது கதவைச் சாத்திய கையோடு திறப்பானா என்ற நம்பிக்கையில் எழுதியது.

அப்போதே அந்த விதியை மாற்றிவிட்டிருக்கலாம். கை கீபோர்டுக்குப் போய்விட்டது. ஆனால் ஒயரையும் இப்படித்தான் மாற்றினான், சென்சாரையும் இப்படித்தான். இந்த ஒரு தடவை, கண்ணால் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மத்தியானமே பேக்கரிக்குப் போனான். கையில் லேப்டாப் இல்லை.

மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டான். "வேகும்போது கதவை யாராவது திறப்பீங்களா?"

"நாங்க எதுக்குத் திறக்கப் போறோம்?"

"வேற யாராவது?"

மாஸ்டர் கையிலிருந்த மாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். "தம்பி, நான் இங்க வேலை பாக்கறவன். என்னை எதுக்கு வம்புல இழுக்குறீங்க?"

தம்பிக்காரன் மூட்டைகளின் மறைவில் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், சர்க்கரை டப்பாவை நெருங்குகிற பிள்ளை மாதிரி. ஓவன் கதவில் ஒரு கண்ணாடி உண்டு. ஆனால் அது எண்ணெய்ப் புகை ஏறி எப்போதோ இருண்டுவிட்டது. மாமா கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து ஆவி குப்பென்று வந்து அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. ரெண்டு வட்டமும் வெள்ளை. சூடு போய்விடக் கூடாது என்று உடனே கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

தம்பிக்காரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்க நேரம் எடுத்தால் ஓவன் பிழைக்கும். சட்டென்று துடைத்தால் அணையும். அதனால்தான் சில நாள் அணைந்தது, பல நாள் அணையவில்லை. கூடையில் அவன் உட்கார்ந்திருந்த ரெண்டு நாளும் மாமா கதவுப் பக்கமே போகவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் அல்லவா நின்றிருந்தார். பாவம் டீச்சர், அவளுடைய டீபக்கர் எதையும் மறைக்கவே இல்லை. செய்யாத தப்புக்குப் பழி ஏற்றுக்கொண்டு, சரியான இடத்தையும் காட்டியிருக்கிறாள்.

மெதுவா மாமா, என்று மனசுக்குள் கெஞ்சினான். சட்டையில மாவு இருக்கு, அதுல துடைக்காதீங்க. கர்சீப்பைத் தேடுங்க. பேன்ட் பாக்கெட்ல இருக்கும், நல்லா உள்ள விட்டுத் தேடுங்க.

மாமா சட்டைத் தோளிலேயே கண்ணாடியை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தார், மாட்டினார், திறந்தார்.

டிக் என்று ஒரு சத்தம். விசிறி சுருதி இறங்கி இறங்கி நின்றது. பெட்டியின் திரையில் அந்த வரி வந்தது.

மாமா அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பியவர் கண்ணில் மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவன் பட்டான்.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான் மாமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"உன் பெட்டிதான்."

"என் பெட்டிதான்." மூட்டை மறைவிலிருந்து வெளியே வந்தான். "நீங்க கதவை மூடி உடனே திறந்தீங்கல்ல. அப்படித் திறந்தா தாழ்ப்பாள் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அது அணைச்சிடும். நான்தான் அப்படி எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப தப்பு என் மேலயா?"

மாஸ்டர் ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டு அவசர வேலை இருப்பவர் போல வெளியே போனார்.

"இல்ல மாமா. நீங்க அப்படித் திறப்பீங்கன்னு நான் யோசிக்கல."

"என் ஓவனை நான் திறந்து பாக்கக் கூடாதாடா?"

"என் மேல நம்பிக்கை இல்லாமத்தானே பாக்குறீங்க." சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனையே பார்த்தார். "நம்பிக்கையா? நீ அரை டிராயர் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போன காலத்துலயே நான் ஓவனைத் திறந்து பாத்துட்டு இருந்தேன். அப்ப பெட்டி ஏது, நீ ஏது? கல்யாணத்தன்னைக்குக் காலையிலகூட ஒரு பார்வை பாத்துட்டுத்தான் வந்தேன். உங்க அக்காவைக் கேளு."

சத்தம் கேட்டு அக்கா கடைவாசலில் வந்து நின்றிருந்தாள். "ஆமா. அன்னைக்குப் பூரா இவர் மேல பன் வாசனைதான். போட்டோ எடுக்க வந்தவருக்கே பசி எடுத்துச்சு."

"பாக்காம இருக்க முடியாது மாப்ள. அவ்வளவுதான். மாவா உள்ள போனது எப்படி எழும்புதுன்னு பாக்கணும். இதுல நீ எங்க வந்த?"

தம்பிக்காரன் ஓவன் கதவைப் பார்த்தான். அந்தக் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் அது தன்னைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தது, இப்போது யோசித்தால், கொஞ்சம் பெரிய தலைக்கனமாகத்தான் தெரிந்தது.

"சரி," என்றார் மாமா, "சொன்னது சொன்னதுதான். சனிக்கிழமை அவங்க மாட்டட்டும்."

சனிக்கிழமை வரைக்கும் பிரெட் வேக வேண்டுமே. அன்றைக்கே லேப்டாப்பை எடுத்துவந்து, உட்கார்ந்து கதவு விதியை மாற்றினான். ஒற்றை வரியை உடைத்து, எதற்காக அணைந்தது என்று தனித்தனியாகச் சொல்ல வைத்தான். முடித்துவிட்டு மாமாவிடம் போனான்.

"மாமா, இனிமே எத்தனை தடவை வேணும்னாலும் திறந்து மூடலாம், அணையாது. ஆனா தாழ்ப்பாள் நெஜமாவே தேஞ்சு போச்சுன்னா உடனே கண்டுபிடிக்காது, கொஞ்சம் சூடு வீணான பிறகுதான் தெரியும். அப்புறம், இதுக்கு முன்னாடி அணைஞ்சது எல்லாமே இதாலதானான்னு எனக்குத் தெரியாது. இதா இருக்கும்னு நினைக்கிறேன். வேற ஒண்ணும் இருந்தாலும் இருக்கலாம்."

"தெரியாதா?"

"தெரியாது."

மாமா அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றார். "உன் வாயில இருந்து இது வந்து இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"கேவலமா இருக்கா மாமா?"

"இல்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு." ஓவன் பக்கம் பார்த்தார். "ஆனாலும் சனிக்கிழமை மாட்டிடுவாங்க."

சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். பளபளக்கிற ஷூ, உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் அதன் மூக்கு மாவில் வெளுத்துவிட்டது. தம்பிக்காரன் ஸ்க்ரூடிரைவரோடு சுவர் ஓரம் நின்றிருந்தான். தன் பெட்டியைத் தானே கழற்றிவிடுவது என்று தீர்மானித்திருந்தான். வேறு யாரும் திருகுவதைப் பார்க்க அவனால் முடியாது.

"இது எந்த மொழியில எழுதினது சார்?" என்று கம்பெனி ஆள் பழைய பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

தம்பிக்காரன் சொன்னான்.

"கேள்விப்பட்டதே இல்லையே."

"யாருமே கேள்விப்பட்டதில்லைங்க."

கம்பெனி ஆள் தன் பெட்டியை மேசையில் வைத்து விளக்க ஆரம்பித்தார். நன்றாகவே விளக்கினார். சூடு, நீராவி, எல்லாம் தானாக. தவறே வராது. ஒன்றுக்கொன்று துணையாக மூன்று சென்சார். தம்பிக்காரன் மனசுக்குள் குறை தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. நல்ல பெட்டிதான்.

"நடுவுல கதவைத் திறக்கலாமா?" என்றார் மாமா.

"திறக்க வேண்டிய அவசியமே இல்ல சார். ஆரம்பிச்சதும் கதவு பூட்டிக்கும், முடிஞ்சதும் அதுவே திறக்கும். யாரும் தெரியாம திறந்துடுவாங்கன்னு பயமே வேண்டாம்."

மாஸ்டர் மாவு பிசைவதை நிறுத்தினார். அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு உள்ள பாக்கணும்னா?"

"கேமரா இருக்கு சார். போன்லயே பாக்கலாம்." போனை நீட்டினார். அதில் பொன்னிறமாக ஒரு பிரெட், யாரோ சாயம் அடித்த மாதிரி.

"இது யாரோட பிரெட்டு?"

"அது டெமோ சார்."

"விரலால தொட்டுப் பாக்கணும்னா?"

கம்பெனி ஆள் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். மாமா அந்தப் போனை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க."

"மாட்டச் சொன்னீங்களே சார்."

"மாட்டத்தான் சொன்னேன். இப்ப யோசிக்கிறேன்னு சொல்றேன்."

அக்கா ஒரு பன் பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்து அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். தம்பிக்காரன் இன்னும் சுவர் ஓரமே நின்றிருந்தான்.

"என்ன மாமா இது? நல்ல பெட்டி. என்னோடதைவிட நல்லது."

"தெரியுது. நான் என்ன முட்டாளா?" மாமா அவன் கையைப் பார்த்தார். "அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வை முதல்ல. ஆப்பரேஷன் பண்ண வந்தவன் மாதிரி நிக்கிற."

அவன் வைத்தான். மாமா ஓவன் பக்கம் போனார். ஒரு வண்டி வெந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் கை வைத்தவர், திறக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"நீ இது வரைக்கும் உள்ள பாத்திருக்கியா?"

"எல்லாம் திரையில..."

"அதில்லடா. உள்ள. வேகும்போது."

யோசித்துப் பார்த்தான். இல்லை. உள்ளே போகும்போது பார்த்திருக்கிறான், வெளியே வந்த பிறகு தின்றிருக்கிறான். நடுவில் நடப்பதைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.

"வா இங்க. மூஞ்சியை ரொம்பக் கிட்டக் கொண்டு போகாத, புருவம் கருகிடும்."

கதவு திறந்தது. சூடு முகத்தில் அறைந்தது. ஆவி கலைந்ததும் தெரிந்தது: தட்டுத் தட்டாக, வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறத்தில், மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி விறைத்து நின்றன பிரெட்டுகள். ஒன்றின் பக்கவாட்டில் தோல் மெல்லக் கிழிந்து, உள்ளிருந்து இன்னும் வெளுப்பாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. அவன் எழுதிய எந்த வரியிலும் அது இல்லை.

"கீழ்த்தட்டுல, அந்த மூலையில பாரு" என்றார் மாமா. "அது மட்டும் எப்பவும் பின்தங்கித்தான் வரும்."

"அந்த மூலையில சூடு கம்மியா மாமா?"

"ரொம்ப நாளாவே. அந்த மூலைக்கு மட்டும் மாவைக் கொஞ்சம் சின்னதா உருட்டி வைப்போம்."

"சொல்லவே இல்லையே."

"கேட்டாத்தானே சொல்லுவாங்க. மூடவா, சூடு போகுது."

"இருங்க மாமா," என்றான் தம்பிக்காரன், கையை நெற்றிக்கு மறைவாக வைத்துக் குனிந்து. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."